மிதக்காத மரம்

மரம்னா தண்ணியில மிதக்கும். தெப்பம், ஓடம், கட்டுமரம் எல்லாம் அந்த நம்பிக்கையில கட்டினதுதான். ஆனா கரீபியன் தீவுகள்லயும் அதைச் சுத்தின கரைகள்லயும் வளர்ற ஒரு மரத்தை வெட்டித் தண்ணியில போட்டா, கல்லு மாதிரி நேரா அடிக்குப் போயிடும். தேக்கோட அடர்த்தி தண்ணியோடதுல மூணுல ரெண்டு பங்குதான். இது தண்ணியை விட 10லேருந்து 30 சதவீதம் வரைக்கும் அதிகம். லத்தீன்ல இதுக்குப் பேரு லிக்னம் விட்டே, அதாவது 'உயிர் மரம்'. தாவரவியல்ல குவாயகம். அந்தப் பேரு தீவுகளோட பூர்வகுடிகளான டாய்னோ மக்களோட மொழியிலேருந்து வந்தது.

எடையை விட சுவாரசியமான விஷயம் உள்ளே இருக்கிற பிசின். மரத்தோட எடையில கால் பங்கு வரைக்கும் பிசின் இருக்கும். இழைச்சா மெழுகு தடவின மாதிரி வழவழன்னு வரும். எங்க மெக்கானிக்கல் பாஷையில சொன்னா, தனக்குத் தானே எண்ணெய் விட்டுக்கிற பேரிங். 500 வருஷமா மனுஷங்க இந்தப் பிசினை வெச்சு என்னென்னவோ செஞ்சு பார்த்திருக்காங்க. முதல்ல பண்ணினது வைத்தியம்.

1495ல நேப்பிள்ஸைப் பிடிச்ச பிரெஞ்சுப் படை மூலமா சிபிலிஸ் ஐரோப்பா முழுக்கப் பரவுச்சு. நோய் புது உலகத்துலேருந்து வந்ததுன்னு நிறைய பேர் நம்பினாங்க. நோயைக் கொடுத்த எடத்துலயே கடவுள் மருந்தையும் வெச்சிருப்பார்ங்கிறது அந்தக் காலத்து லாஜிக். ஸ்பெயின்காரங்க குவாயகக் கட்டையைக் கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்தாங்க. சீவி, ஊறவெச்சு, கொதிக்கவெச்சுக் கஷாயம். நோயாளியைச் சூடான அறையில பூட்டி, சோறு குறைச்சு, ஒரு மாசத்துக்கு மேல வேர்க்க வைக்கணும். இன்னொரு வைத்தியம் பாதரசம், அதுல பல்லே கொட்டிடும். கஷாயம் எவ்வளவோ தேவலைன்னு தோணியிருக்கும்ல?

உல்ரிஷ் ஃபான் ஹுட்டன்னு ஒரு ஜெர்மன் எழுத்தாளர். இந்த மரத்தால தனக்குக் குணமாயிடுச்சுன்னு 1519ல புத்தகமே போட்டார். 1523ல அதே நோயில செத்துப் போனார், வயசு 35. அவர் பொய் சொல்லலைங்க. சிபிலிஸ் கொஞ்ச நாள்ல தானாவே அடங்கின மாதிரி காட்டும், வருஷக்கணக்குல பதுங்கியிருந்து திரும்ப வரும். நடுவுல எதைக் குடிச்சாலும் அதுதான் மருந்துன்னு தோணும். பாராசெல்சஸ் 1529ல இந்த வைத்தியத்தைத் திட்டி எழுதினார். அவரோட அடுத்த புத்தகங்களை நியூரம்பர்க்ல அச்சடிக்கவே விடலை. அப்புறம் மவுசு சீன வேருக்குப் போச்சு. நம்ம நாட்டு மருந்துக் கடையில பறங்கிப்பட்டைன்னு கேட்டா கொடுப்பாங்களே, அதேதான்.

வைத்தியர்களுக்கு ஏமாத்தமா முடிஞ்ச மரம் தச்சர்களுக்குக் கைகொடுத்துச்சு. பாய்க்கப்பல் கப்பிகளுக்கு இதைக் கடைஞ்சு போட்டாங்க. கடல்ல திசைமானி மாதிரி நம்பக்கூடிய கடிகாரம் செஞ்ச ஜான் ஹாரிசன் தெரியும்ல? அவரும் தொழிலால தச்சர்தான். அப்போ கடிகாரத்துக்கு விட்ட எண்ணெய் நாளாக நாளாக கெட்டியாகி, கடிகாரம் மெதுவாகி நின்னுடும். ஹாரிசன் எண்ணெயே வேண்டாம்னுட்டு, தேயுற எடத்துல எல்லாம் இந்த மரத்தை வெச்சார். 1722 வாக்குல பிராக்கிள்ஸ்பி பார்க் லாயத்துக்கு அவர் கட்டின கோபுரக் கடிகாரம் 300 வருஷம் தாண்டியும் ஓடுது.

அடுத்தது நீராவிக் கப்பல். புரொப்பெல்லர் வந்த புதுசுல பெரிய தலைவலி, அதோட தண்டு கப்பலை விட்டு வெளியே வர்ற எடம். அங்கே இருந்த பித்தளை பேரிங் உப்புத் தண்ணியில சீக்கிரமே தேய்ஞ்சிடும். தண்டு ஆட ஆரம்பிச்சா தண்ணி உள்ளே வரும். கிரீன்விச்ல எஞ்சின் செஞ்ச ஜான் பென், பல பொருட்களை அழுத்திச் சுத்தவிட்டுச் சோதனை பண்ணிட்டு, 1854ல காப்புரிமை வாங்கினார். பித்தளைக் குழாய்க்குள்ள காடி வெட்டி இந்த மரப் பட்டைகளைச் சொருகணும், இடைவெளியில கடல் தண்ணி ஓடணும். அவ்வளவுதான். தண்ணியே எண்ணெய், தண்ணியே குளிர்ச்சி. அதுக்கப்புறம் நூறு வருஷம் இதுதான் வழக்கம். 1954ல கடல்ல இறக்கின முதல் அணு நீர்மூழ்கி நாட்டிலஸ்ல அணு உலை இருந்துச்சு, தண்டைத் தாங்கினது இந்த மரம்.

இப்போ திரும்ப மருத்துவத்துக்கு வருவோம். குவாயகப் பிசின் தடவின அட்டையில துளி மலம் வெச்சு, ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டா, கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாக்கூட நீலமாகும். ரத்தத்துல இருக்கிற ஹீம் பண்ற வேலை அது. பெருங்குடல் புற்றுநோயை முன்னாடியே பிடிக்க இதைப் பயன்படுத்தலாம்னு 1960கள்ல ஆரம்பிச்சாங்க. மின்னசோட்டாவுல சுமார் 46,000 பேரைக் குழு குழுவாப் பிரிச்சு, வருஷக்கணக்கா எண்ணினாங்க. 1993ல முடிவு வந்துச்சு: வருஷா வருஷம் டெஸ்ட் எடுத்த குழுவுல அந்தப் புற்றுநோய்ச் சாவு 33 சதவீதம் குறைவு. இன்னைக்கு இதைவிட நல்ல டெஸ்ட் பல எடத்துல வந்துடுச்சு. ஆனாலும் 'உயிர் மரம்'ங்கிற பேருக்கு அது நிஜமாவே உயிர் காப்பாத்தினது அப்போதான்.

எனக்கு இதுல உறைச்சது ஒண்ணுதான். 1519லயும் 1993லயும் மரம் ஒண்ணு, பிசின் ஒண்ணு. முன்னாடி ஒருத்தர் 'எனக்குக் குணமாச்சு'ன்னார், ஊரே நம்புச்சு. பின்னாடி எடுத்தவங்களையும் எடுக்காதவங்களையும் பக்கத்துல வெச்சு எண்ணிப் பார்த்தாங்க. இன்னைக்கும் வாட்ஸ்அப்ல தினம் ஒரு ஹுட்டன் வர்றார். பாவம், அவரும் பொய் சொல்றதில்லை.

மரத்தோட கதை என்னாச்சு? ரொம்ப ரொம்ப மெதுவா வளர்ற ஜாதி, பெருசானாலும் பத்து மீட்டர் உயரம்தான். கப்பலுக்கும் அணைக்கும் உருட்டு விளையாட்டுப் பந்துக்கும் வெட்டி வெட்டி, 2003லேருந்து குவாயக இனம் மொத்தமும் சைட்டிஸ் ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு. அனுமதி இல்லாம நாடு விட்டு நாடு போக முடியாது. ஜமைக்காவோட தேசிய மலர் இதோட நீலப் பூதான்.

நம்ம பக்கம் உலக்கைக்குக் கருங்காலி மாதிரி, உங்க ஊர்ல எந்த வேலைக்கு எந்த மரம்னு தச்சு ஆசாரிங்க கிட்ட கேட்டிருக்கீங்களா? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல எழுதுங்க. அந்தக் கணக்கையும் யாராவது குறிச்சு வைக்கணும்.