தஞ்சை மோடி ஆவணங்களும் வட்டார வரலாறும்: சரசுவதி மகால் நூலகத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் வடமொழி, தமிழ், மராத்தி, தெலுங்குச் சுவடிகளின் கருவூலமாக அறிஞர் உலகில் அறியப்பட்டுள்ளது. அங்கே இலக்கிய, சாத்திரச் சுவடிகளோடு மராட்டிய அரசின் அன்றாட நிருவாகத் தாள்களும் 1,300க்கும் மேற்பட்ட கட்டுகளாக உள்ளன. மோடி எழுத்தில் அமைந்த இத்தாள்கள் தஞ்சை வட்டார வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாகும். ஒரு பொது நூலகம் ஆவணக் காப்பகமாகவும் விளங்கும்போது எழும் சிக்கல்களையும், அவ்வாவணங்களைத் தமிழாய்வு அணுகவேண்டிய முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அரண்மனையிலிருந்து பொதுமக்களுக்கு

தஞ்சை நாயக்கர் காலத்தில் வேர்கொண்ட இந்நூலகம் மராட்டியர் ஆட்சியில் வளர்ந்து, இரண்டாம் சரபோசி (1798–1832) காலத்தில் பெருநிலை எய்தியது. அம்மன்னர் 1820–21ஆம் ஆண்டுகளில் மேற்கொண்ட காசி யாத்திரையின்போதும் சுவடிகள் திரட்டப்பட்டன. ஆண் வாரிசின்றி மன்னர் சிவாசி மறைந்ததால் 1855இல் அரசு முடிவுற்றது. 1918இல் நூலகம் பொது நூலகமாயிற்று. தஞ்சைக் குடும்பங்கள் சிலவற்றின் தனித் தொகுப்புகளும் இதனுடன் சேர்ந்தன.

வடமொழிச் சுவடிகளுக்குப் பர்னல் 1880இலேயே அட்டவணை வெளியிட்டார். பின்னர் பி. பி. எஸ். சாத்திரியார் விளக்க அட்டவணைகளைத் தொகுதி தொகுதியாக உருவாக்கினார். நிருவாகத் தாள்களுக்கு இத்தகைய வாய்ப்பு விரைவில் அமையவில்லை. இதற்குக் காரணம் உண்டு. சுவடிக்குத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் உள்ளன. எனவே நூலக முறைப்படி அதனைப் பட்டியலிடலாம். ஒரு நாள் செலவுக் கணக்கிற்கோ ஆணைச் சீட்டிற்கோ அவை இல்லை. எந்த அலுவலகத்தில், எந்த வரிசையில், எவற்றோடு கட்டப்பட்டிருந்தது என்பதே அதன் அடையாளம். ஆகவே கட்டினைப் பிரித்துப் பொருள்வாரியாக அடுக்கினால் தாள் எஞ்சும், சான்று சிதையும். பழைய கட்டு வரிசையை மாற்றாது பேணுதல் ஆவணப் பாதுகாப்பின் முதல் விதியாகும்.

மோடி எழுத்தும் தமிழ்ப் பெயர்களும்

மோடி, மராத்தி மொழியை விரைந்து எழுதப் பயன்பட்ட கூட்டெழுத்து. தலைக்கோட்டினை முதலில் நெடுக இழுத்துவிட்டு அதன்கீழ் எழுத்துகளைத் தொடர்ந்து எழுதுவர். சொற்களுக்கிடையே இடைவெளி இராது. இகர, உகரங்களில் குறில், நெடில் வேறுபாடு பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. தமிழுக்குரிய ழகர, றகரங்களுக்கு அதில் தனி எழுத்தும் இல்லை.

இவ்வாவணங்களில் வரும் ஊர்கள், கோயில்கள், பணியாளர்கள், கலைஞர்கள் ஆகியோரின் பெயர்களுள் மிகப் பல தமிழ்ப் பெயர்கள். மராத்தி அறிந்தவர் வரியைப் படித்துவிடலாம். அவ்வரி சுட்டும் ஊர் எதுவெனத் துணிய, தஞ்சை மண்ணின் ஊர்ப்பெயர்களையும் கல்வெட்டு வழக்குகளையும் அறிந்த தமிழறிஞர் வேண்டும். காலக் கணிப்பிலும் இத்தகைய கூட்டறிவு இன்றியமையாதது. சுகூர் சன் என்னும் ஆண்டு அரபு எண்ணுப் பெயர்களால் குறிக்கப்பெறும். 'சலாசு மயாதைன் வ அலப்' என்பது மூன்று, இருநூறு, ஆயிரம் எனப் பிரிந்து 1203ஐக் குறிக்கும். அதனுடன் 599ஐக் கூட்ட 1802 என வரும். ஆண்டு தொடங்கும் மாதத்தைப் பொறுத்து 600ஐயும் கூட்டவேண்டியிருக்கும்.

ஆவணங்களின் எல்லை

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கும்பினியின் வசமாயிற்று. மன்னரிடம் கோட்டையும் அதனைச் சார்ந்த சிறு பகுதியும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சின. எனவே அதன்பின் எழுந்த மோடித் தாள்கள் அரண்மனை, கோயில், சத்திரம், மருத்துவம், கலை ஆகியன பற்றி மிகுதியாகப் பேசும். நாட்டுப்புற நிலவரிச் செய்திகளை ஆங்கில மாவட்ட ஆட்சியர் ஆவணங்களிலேயே தேடவேண்டும். அவை சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஒரு பகுதியை மட்டும் கண்டு தஞ்சை வரலாற்றை எழுதுவோர், மன்னரின் கொடையை மட்டுமோ கும்பினியின் வரியை மட்டுமோ காண நேரிடும்.

சத்திரங்கள் இதற்குத் தக்க சான்று. அவற்றைத் தம் பொறுப்பிலேயே விடுமாறு வேண்டி, 1801இல் ஆங்கிலப் பிரதிநிதி டோரினுக்குச் சரபோசி எழுதிய மடல் புகழ்பெற்றது. வழிப்போக்கருக்கு உணவு, நோயுற்றோர்க்கு மருத்துவம், மகப்பேற்றுக்கு உதவி என அறப்பணிகளை அது விரிக்கிறது. ஆயினும் அது வேண்டுகோள் மடல். தன் தரப்பை வலியுறுத்த எழுதப்பெற்றது. 1802இல் நிறுவப்பெற்ற ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் உள்ளிட்டவற்றில் உண்மையில் யாருக்கு என்ன வழங்கப்பட்டது என்பதை அறியக் கணக்குத் தாள்களே துணை. மடலைக் கணக்கோடு ஒப்பிடும்போதுதான் புகழுரையினின்று வரலாறு பிரியும்.

இதுவரை நிகழ்ந்த பணிகள்

கே. எம். வேங்கடராமையாவின் 'தஞ்சை மராட்டிய மன்னர் கால அரசியலும் சமுதாய வாழ்க்கையும்' என்னும் நூலைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1984இல் வெளியிட்டது. மோடி ஆவணங்களின் தமிழாக்கமும் குறிப்புரையும் மூன்று தொகுதிகளாக 1989இல் அப்பல்கலைக்கழகத்தாலேயே வெளிவந்தன. தமிழ் மட்டும் அறிந்த ஆய்வாளர்க்கு இவ்வரலாற்றின் வாயிலைத் திறந்தவை இவையே. எனினும் தமிழாக்கம் தேர்ந்தெடுத்த பகுதிகளையே தரவியலும். தேர்வில் இடம்பெறாத தாள் இல்லாத தாளாகிவிடக் கூடாது.

பாதுகாப்பு என்பது யாது?

வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, இலவங்கம், பட்டை முதலியவற்றைப் பொடித்துக் கற்பூரத்துடன் முடிச்சாகக் கட்டிவைக்கும் மரபு முறை பூச்சிகளைத் தடுத்துவந்துள்ளது. நுண்படமும் மின்னுருவாக்கமும் தாளின் உருவைக் காக்கும். ஆனால் படிப்பாரற்ற எழுத்தின் படம், காக்கப்பட்ட மௌனமே. மராட்டிய மாநிலத்திலும் மோடி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொதுவழக்கினின்று நீங்கியது. புனேயின் பேசுவா ஆவணங்களும் பயிற்சி பெற்றோரையே நம்பியுள்ளன. தாள் அழிவதற்கு முன்னரே அதனைப் படிக்கும் அறிவு அழியக்கூடும் என்பதே இன்றைய பேரிடர்.

நிறைவுரை

மேற்கண்டவற்றால், கட்டு வரிசை மாறாத விளக்க அட்டவணை ஒன்று முதல் தேவை என்பது பெறப்படும். தமிழ், மராத்தித் துறைகள் இணைந்து மோடிப் பயிற்சி அளித்தல் அடுத்த தேவை. எழுத்தைப் படிப்போரும் பெயரை அறிவோரும் ஒரே தாளின் முன் அமர்தல் வேண்டும். தமிழ் மக்களின் இரு நூற்றாண்டு வாழ்க்கையின் ஒரு பகுதி தமிழர் படிக்கவியலாத எழுத்தில் உறைந்துள்ளது. சத்திரத்தில் உண்டவரும் கோயிலில் பாடியவரும் அரசவை இலக்கியத்தில் அரிதாகவே பெயர் பெற்றனர். கணக்கரின் வரியில் பெற்றிருக்கக்கூடும். அவ்வரியைப் படித்தல் தமிழாய்வின் கடமையாகும்.