போட்ட வேஷமும் நிற்கும் நிலமும்

போன மாதம் பேரன் ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து என் முகத்தில் மாட்டிவிட்டான். நீருக்குள் முங்குகிறவர்கள் போடுவது போல, பாதி முகத்தை மூடுகிற கனமான சாமான். "தாத்தா, நாற்காலிய விட்டு எழுந்துக்காத" என்று முன்கூட்டியே எச்சரித்தான்.

எதிரே ஒரு பெரிய மேடை. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். அவளும் பொம்மை, கேட்பவர்களும் பொம்மைகள். ஒருவருக்கு நரித்தலை, இன்னொருவருக்கு இறக்கை. குரல் மட்டும் அசல் மனிதக் குரல். ஐந்து நிமிடத்தில் தலை சுற்றியது, கழற்றிவிட்டேன்.

"எல்லாம் பொம்மலாட்டம்டா" என்றேன்.

"பொம்மை இல்ல தாத்தா. ஒவ்வொண்ணுக்கும் பின்னால ஒரு ஆள் இருக்கான். எல்லாரும் நிஜமாவே அங்க வந்திருந்தாங்க."

அங்கே என்றால் எங்கே? அந்த ஒரு சொல் என்னை விடவில்லை. அதைப் பற்றித் தேடிப் படித்ததையும், ராயபுரத்துக்காரனாக எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இது நேற்று முளைத்த விஷயம் இல்லை. 1986-லேயே அமெரிக்காவில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தார் 'ஹாபிடாட்' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். வீட்டுக் கணினியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்தால், வெவ்வேறு ஊர்க்காரர்கள் ஒரே திரைத் தெருவில் சந்தித்துப் பேசலாம். திரையில் நமக்காக நடமாடும் உருவத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'அவதார்'. நம் பெருமாளுக்குச் சொல்கிற அதே அவதாரம்தான். 1992-ல் நீல் ஸ்டீவன்சன் எழுதிய நாவல் ஒன்றில் 'மெட்டாவெர்ஸ்' என்ற சொல் வந்தது. 2003-ல் 'செகண்ட் லைஃப்' தொடங்கியது. அதில் வீடு கட்டலாம், கடை போடலாம், நிலம் வாங்கலாம், விற்கலாம்.

கலைஞர்கள் சும்மா இருப்பார்களா? 2006-ல் சுசான் வேகா என்ற அமெரிக்கப் பாடகி அங்கே கச்சேரி செய்தார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. சீனத்துக் கலைஞர் சாவ் ஃபே, 'ஆர்எம்பி சிட்டி' என்று ஒரு நகரத்தையே அதற்குள் கட்டி, அதைத் தன் கலைப்படைப்பாக உலகத்துக்குக் காட்டினார். 2020 ஏப்ரலில், ஊரே கொரோனாவில் அடைந்து கிடந்தபோது, டிராவிஸ் ஸ்காட் என்ற பாடகரின் நிகழ்ச்சி 'ஃபோர்ட்நைட்' விளையாட்டுக்குள் நடந்தது. ஒரே நேரத்தில் 1 கோடியே 23 லட்சம் பேர் உள்ளே இருந்தார்களாம்.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. அத்தனை பேரையும் ஒரே மைதானத்தில் நிற்கவைக்க எந்தக் கணினியாலும் முடியாது. கூட்டத்தைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அதே மைதானத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். பாடகரும் அன்றைக்குப் பாடவில்லை. முன்பே தயாரித்து வைத்த உருவம் எல்லா நகல்களிலும் ஒரே சமயத்தில் ஆடியது. திருவொற்றியூர் தேரில் வடம் பிடிக்கும் கூட்டம் ஒரே கூட்டம். முன்னால் ஒருவர் இடறினால் பின்னால் இருப்பவருக்குத் தெரியும். இந்தக் கூட்டம் அப்படி இல்லை.

நம் நாட்டுக்கும் வந்தது. 2020 டிசம்பரில் மியூசிக் அகாடமியே தன் விழாவை இணையத்தில்தான் நடத்தியது. அது திரையில் பார்க்கிற கச்சேரி. 2022 குடியரசு தினத்தன்று தலேர் மெஹந்தி 'பார்ட்டிநைட்' என்ற இந்திய மெட்டாவெர்ஸுக்குள் அவதாரமாகவே வந்து பாடினார். பிறகு அங்கேயே ஒரு நிலமும் வாங்கினார். அதே ஆண்டு மே மாதம் நம் ஏ.ஆர்.ரஹ்மான், தான் இயக்கிய 'லே மஸ்க்' படத்தைக் கான் விழாவில் காட்டினார். 36 நிமிடப் படம். கண்ணாடி மாட்டிக்கொண்டு, அசைகிற நாற்காலியில் உட்கார்ந்து, வாசனையோடு பார்க்க வேண்டும்.

வடசென்னைக்காரர்கள் இதைக் கேட்டதும் எடுத்த எடுப்பில் கேலி செய்யக் கூடாது என்று நினைக்கிறேன். காரணம், கலை நடக்கிற இடத்துக்குள் நுழைய முடியுமா என்ற கேள்வி நமக்குப் பழைய கேள்வி.

தியாகராஜர் திருவையாற்றிலிருந்து புறப்பட்டு வந்து, திருவொற்றியூரில் திரிபுரசுந்தரி அம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அவருடைய சீடர் வீணை குப்பய்யர் வாழ்ந்தது முத்தியால்பேட்டையில். சபாக்களும் முதலில் ஜார்ஜ் டவுன் பக்கம்தான் நடந்தன. வசதி படைத்தவர்கள் மயிலாப்பூருக்கும் அதற்குத் தெற்கேயும் குடியேறியபோது கச்சேரியும் கூடவே போய்விட்டது. துறைமுகமும் ஆலைகளும் நம்மிடம் தங்கின. மார்கழி மாதத்தில் ராயபுரத்திலிருந்து ஒருவன் ஷிப்ட் முடிந்து குளித்து, பஸ் பிடித்து, டிக்கெட் எடுத்து ஒரு கச்சேரி கேட்பதற்குள் மங்களம் பாடிவிடுவார்கள்.

நமக்கு சினிமாக் கொட்டகைதான் சபா. அந்தக் கொட்டகைகளும் ஒவ்வொன்றாகப் போயின. தண்டையார்பேட்டை அகஸ்தியாவை 2020-ல் மூடினார்கள். சாவு வீட்டில் இரவெல்லாம் பாடிய கானாவை எந்த சபாவும் அழைக்கவில்லை. அதை முதலில் ஊருக்கெல்லாம் கொண்டுபோனது கேசட், பிறகு சினிமா, பிறகு கைப்பேசி. ஆகவே வாசலில் ஆள் நிற்காத ஒரு மேடை வருகிறது என்றால் அதற்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும்.

வேஷமும் எனக்குப் பிரச்சினை இல்லை. சின்ன வயதில் திரௌபதியம்மன் கோயில் கூத்தில் துரியோதனனைப் பார்த்து நடுங்கியிருக்கிறேன். விடிந்ததும் அவரே முகத்தைக் கழுவிவிட்டு டீக்கடையில் பன் தின்றுகொண்டிருப்பார். ராத்திரி பார்த்தது பொய் என்று யாரும் சொன்னதில்லை.

என்னை உறுத்தியது நிலம். 2021 நவம்பரில் 'டிசென்ட்ராலாந்து' என்ற கணினி உலகத்தில் ஒரு மனை சுமார் 24 லட்சம் டாலருக்கு விலைபோனது. மண் இல்லை, தண்ணீர் இல்லை, படிக்கட்டில் உட்கார்ந்து பீடி பிடிக்க ஒரு திண்ணை இல்லை. ஆனால் பட்டா உண்டு. அடுத்த ஆண்டே அந்த மோகம் தணிந்து விலைகள் விழுந்தன என்பது வேறு கதை. ஒரு புது உலகத்தை ஒன்றுமில்லாததிலிருந்து படைக்கிறார்கள், அதிலும் முதல் வேலையாக வேலி போட்டு மனை பிரிக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான இடம் என்று ஒன்றை விட்டுவைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியது?

நம் முன்னோர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதற்குப் பெயர்தான் புறம்போக்கு. ஏரி, ஓடை, மேய்ச்சல் தரை, கழிமுகம் என்று, வரிக்கணக்குக்கு வெளியே ஊர்ப்பொதுவாக விட்ட நிலம். அந்தச் சொல் எப்படியோ வசைச்சொல் ஆகிவிட்டது. 2017 பொங்கலன்று 'சென்னை புறம்போக்குப் பாடல்' இணையத்தில் வெளிவந்தது நினைவிருக்கும். கபேர் வாசுகி எழுத, டி.எம்.கிருஷ்ணா பாடினார். சபா மேடையில் அல்ல, எண்ணூர் கழிமுகத்தில், சாம்பல் படிந்த நிலத்தில் நின்றுகொண்டு. கர்நாடக சங்கீதம் நம் பக்கம் திரும்பி வந்தது என்று அன்று மகிழ்ந்தேன். எண்ணூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

அதே மாதம் 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் கொட்டியது. நம் கரையெல்லாம் கறுப்புப் படலம். மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளினார்கள், கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, கழிமுகத்துக்குள்ளேயே எண்ணெய் புகுந்தது. மறுபடியும் அதே வாளி. பாட்டு கேட்டவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். வாளி தூக்க அந்த மண்ணில் நின்றவர்கள்தான் வர முடிந்தது.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எண்ணூர் முகத்துவாரத்தையே உள்ள கட்டிடலாம் தாத்தா. அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சுன்னு நீ சொல்லு, நான் செய்யறேன்" என்றான்.

ஆசையாகத்தான் இருந்தது. தெளிந்த தண்ணீர், அலையாத்தி மரங்கள், இறால் பிடிக்கக் கையால் தடவிக்கொண்டே போகிறவர்கள், எல்லாம் என் கண்ணில் இருக்கிறது. ஆனால் 2022 பிப்ரவரியில் வந்த ஒரு செய்தி குறுக்கே நின்றது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடி, வரவேற்பை மெட்டாவெர்ஸில் வைத்தார்கள். மணப்பெண்ணின் அப்பா முந்தைய ஆண்டு காலமானவர். அவருடைய உருவத்தையும் அவதாரமாகச் செய்து, மணமக்களை வாழ்த்துவதற்கு நிற்கவைத்தார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலையை நான் குறை சொல்ல மாட்டேன். இறந்தவரை அழைத்துவர அந்தப் பெண்ணுக்கு வேறு வழி இல்லை.

கொசஸ்தலை ஆறு இன்னும் சாகவில்லை. இப்போதும் அங்கே வலை வீசுகிறார்கள்.

அதனால் பேரனிடம் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என்னோடு முகத்துவாரத்துக்கு வர வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்க வேண்டும். எங்கே சாம்பல், எங்கே மண் என்று காலுக்குத் தெரிந்த பிறகு, என்ன வேண்டுமானாலும் கட்டட்டும். சாம்பலையும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறான்.