கீழ் முன்பற்களுக்கு இம்பிளான்ட்: எத்தனை வருஷம் தாங்கும்? கவனிக்க வேண்டியது என்ன?

கீழ்வரிசை முன்பல்லை இழந்தவர்கள் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி, 'ஒரு தடவை இம்பிளான்ட் வச்சா ஆயுசுக்கும் இருக்குமா?' என்பதுதான். எலும்புக்குள் இருக்கும் ஸ்க்ரூ பெரும்பாலும் நிற்கும். அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் நன்றாக இருக்குமா என்பதுதான் விஷயம்.

இம்பிளான்ட் என்றால் என்ன?

பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தப்படும் டைட்டானியம் ஸ்க்ரூதான் இம்பிளான்ட். கீழ்த்தாடையில் எலும்பு அதனுடன் ஒட்டிக்கொள்ள வழக்கமாக 3 மாதம் வரை ஆகும். அதன்பிறகு மேலே செயற்கைப் பல் மாட்டப்படும்.

எத்தனை ஆண்டுகள் தாங்கும்?

ஸ்வீடன் மருத்துவர் பிரோனமார்க், 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானியம் இம்பிளான்ட்களைப் பொருத்தினார். இந்தச் சிகிச்சை பெற்ற முதல் நோயாளி அவர்தான். 2006-ல் இறக்கும் வரை, 40 ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்கு அவை பயன்பட்டன. 10 ஆண்டு கழித்துப் பார்த்த ஆய்வுகளிலும் 100-க்கு 90-க்கும் மேற்பட்ட இம்பிளான்ட்கள் தாக்குப்பிடித்துள்ளன. கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு கெட்டியானது என்பதால் பிடிமானமும் நன்றாகக் கிடைக்கும்.

அப்படியென்றால் சிக்கல் எங்கே?

இடம் குறைவு: கீழ் முன்பல்லின் அகலமே சுமார் 5 மி.மீ.தான். இம்பிளான்ட்டுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையே 1.5 மி.மீ., இரண்டு இம்பிளான்ட்களுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம். அதனால் 4 பற்கள் போனால் பெரும்பாலும் 2 இம்பிளான்ட் வைத்து, 4 பற்கள் கொண்ட பிரிட்ஜ் பொருத்துவார்கள். 'பல்லுக்கு ஒண்ணு' என்று நெருக்கி வைத்தால் நடுவில் உள்ள எலும்பு கரையக்கூடும்.

காரை படிவது: நாக்குக்கு அடியில் உமிழ்நீர் சுரக்கும் இடம் என்பதால், கீழ் முன்பற்களின் உட்புறத்தில்தான் காரை அதிகம் சேரும். இம்பிளான்ட் மீதும் அது படியும்.

பழைய ஈறு நோய்: ஈறு நோயால் பல் ஆடி விழுந்தவருக்கு, அதே கிருமிகள் இம்பிளான்ட்டைச் சுற்றியும் வீக்கத்தை உண்டாக்கும். ஆரம்பத்தில் வலிக்காது. பல் தேய்க்கும்போது ரத்தம், சீழ், கெட்ட வாடை ஆகியவைதான் அறிகுறி. கவனிக்காமல் விட்டால் எலும்பு கரைந்து ஸ்க்ரூவே ஆடத் தொடங்கும்.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

புகைபிடிப்பவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தாடை வளர்ச்சி முடியாத வயதில் இம்பிளான்ட் வைப்பதில்லை. மற்ற பற்கள் மேலெழும்பும்போது இம்பிளான்ட் மட்டும் அப்படியே தங்கிவிடும் என்பதே காரணம்.

என்ன செய்ய வேண்டும்?

* இம்பிளான்ட் வைப்பதற்கு முன்பே ஈறு நோயைச் சரிசெய்ய வேண்டும்.
* எலும்பின் அகலத்தை 3டி ஸ்கேனில் பார்ப்பது நல்லது.
* தினமும் இரண்டு வேளை பல் தேய்ப்பதோடு, இடுக்குகளைச் சிறு பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும்.
* 6 மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங், டாக்டர் சொல்லும்போது எக்ஸ்ரே அவசியம்.

ஒரே ஒரு பல் போயிருந்து, பக்கத்துப் பற்கள் உறுதியாக இருந்தால், அவற்றின் பின்புறம் ஒட்டும் மேரிலேண்ட் பிரிட்ஜும் ஒரு வழி. எலும்பு மெலிந்தவர்கள் அதைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.