மழை வரும்போது சோறு, மழை போகும்போது பூ

ஹைதராபாத்துக்கு எப்போது போகலாம் என்று கேட்டால் பெரும்பாலோர் குளிர்காலத்தைத்தான் சொல்வார்கள். திருவிழாவுக்காகப் போகிறவர் அதைக் கேட்க வேண்டியதில்லை. அவருக்குரிய பருவங்கள் இரண்டு. ஒன்று, மழை இறங்கும் ஆஷாடம். நம் ஆடிக்குச் சில வாரம் முன்பே தொடங்கிவிடும். மற்றொன்று, மழை விடைபெறும் நவராத்திரிக் காலம். முன்னதில் போனாலு, பின்னதில் பதுகம்மா. தெலங்கானா தனி மாநிலமான 2014ஆம் ஆண்டிலேயே இரண்டும் மாநிலத் திருவிழாக்களாக அறிவிக்கப்பட்டன. அன்றுமுதல் இவற்றைச் சேர்த்தே பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வேற்றுமைதான்.

போனாலு கோயில்களின் விழா. கோல்கொண்டா கோட்டையின் மேலே இருக்கும் ஜெகதாம்பாவுக்கு முதல் போனம் ஏறும். பிறகு ஒரு ஞாயிறு செகந்தராபாத் உஜ்ஜயினி மகாங்காளி, மறு ஞாயிறு பழைய நகரத்து லால் தர்வாஜா சிம்மவாகினி என்று விழா நகரத்துக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டிருக்கும். பதுகம்மாவுக்கு இப்படி ஒரு வரிசையும் இல்லை, தலைமைக் கோயிலும் இல்லை. ஏரிக்கரையோ தெருமுனையோ அடுக்ககத்து வாசலோ, பத்துப் பெண்கள் கூடிய இடம் விழாக்களம். போனாலுவுக்குப் பிறப்புக் கதையோடு ஆண்டும் உண்டு. 1813இல் ஹைதராபாத்தில் கொள்ளைநோய் பரவியபோது உஜ்ஜயினியில் இருந்த படைவீரர்கள் அங்குள்ள மகாகாளியிடம் வேண்டிக்கொண்டார்கள். ஊர் திரும்பிய சுரிட்டி அப்பய்யா 1815இல் செகந்தராபாத்தில் அம்மனை நிறுவினார் என்கிறது கோயில் வரலாறு. பதுகம்மாவுக்குக் கதைகள் பல, ஆண்டு ஒன்றுகூட இல்லை.

தலையில் ஏறும் பொருளும் வேறு. போனம் என்பது மஞ்சளும் குங்குமமும் இட்ட பானை. உள்ளே பாலும் வெல்லமும் சேர்ந்த சோறு, சுற்றிலும் வேப்பிலை, மேலே எரியும் விளக்கு. பதுகம்மா என்பது தட்டில் வட்டம் வட்டமாக எழுப்பிய பூக்கோபுரம். கதிர்போல் நீண்ட குனுகுப் பூ, செண்டுமல்லி, தங்கேடு, உச்சியில் மஞ்சளில் பிடித்த கௌரம்மா. தங்கேடு வேறொன்றுமில்லை, நம் ஆவாரம்பூதான். தெலங்கானாவின் மாநிலப் பூவும் அதுவே. போனத்தில் அம்மனுக்குப் படையல் போகிறது. பதுகம்மாவில் படையலே அம்மன். ஆகவே அங்கே கருவறை வேண்டியிருக்கிறது, இங்கே வேண்டியதில்லை.

ஆண்களின் இடத்தைக் கவனித்தால் வேற்றுமை இன்னும் கூர்மையாகும். போனாலு ஊர்வலத்தின் முன்னே அம்மனின் தம்பியாகப் போத்துராஜு வருவான். உடம்பெல்லாம் மஞ்சள், காலில் சலங்கை, கையில் சாட்டை, பின்னால் தீன்மார் கொட்டு. பதுகம்மாவில் ஆணுக்குக் கிடைத்திருப்பது காட்டிலும் கரம்பிலும் போய்ப் பூப்பறித்து வரும் வேலை மட்டும். பாட்டும் கைத்தட்டும் பெண்களுடையவை. போனாலுவில் அம்மன் வாய்திறந்து பேசுகிறாள்: செகந்தராபாத்தில் மறுநாள் ‘ரங்கம்’ நடக்கும்; சுடாத மண்பானைமேல் நின்று ஒரு பெண் அந்த ஆண்டின் மழையையும் விளைச்சலையும் பற்றிக் குறி சொல்வார். பதுகம்மாவில் அம்மன் பேசாமல் இருந்தே காரியம் சாதிக்கிறாள். ஒன்பது நாளில் ஆறாம் நாள் அவள் ஊடல்கொண்டிருக்கிறாள் என்று யாரும் பூ அடுக்குவதில்லை. தெய்வத்துக்கும் ஒருநாள் கோபித்துக்கொள்ள இடம் வைத்திருக்கிற நாட்காட்டி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இவ்வளவு விலகி நிற்கும் இரண்டும் எங்கே உறவாகின்றன? தண்ணீரில். பழைய நகரத்துப் போனாலுவின் முடிவில் அக்கன்னா மாதன்னா கோயிலின் கடம், அதாவது அம்மனின் கலசம், யானைமேல் ஏறி, நயாபுல் அருகே மூசி ஆற்றில் சேரும். பதுகம்மாவின் கடைசி நாளில் ஹுசைன் சாகரில் பூக்கள் மிதக்கும். ஒன்று மழை கொண்டுவரக்கூடிய கெடுதலை நோக்கிய விழா: புதுத் தண்ணீரோடு வரும் நோய், கரை உடைக்கும் வெள்ளம். 1908இல் மூசி பெருகி நகரத்தை அழித்தபோது, திவான் கிஷன் பிரசாத் சொல்கேட்டு நிஜாம் மஹபூப் அலி கான் ஆற்றுக்கு மஞ்சள் குங்குமம் படைத்தார் என்ற கதை லால் தர்வாஜாவில் இன்றும் சொல்லப்படுகிறது. மற்றது அதே மழை கொடுத்துவிட்டுப்போன நன்மையை எண்ணும் விழா: நிறைந்த ஏரி, யாரும் விதைக்காமல் பூத்த கரம்பு. மழைக்கு முன் வேண்டுதல், மழைக்குப் பின் கணக்குத் தீர்ப்பு.

தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு வியப்பும் உண்டு. மதுரை, இராமநாதபுரம் பக்கத்து மாரியம்மன் பொங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் பானையும் வேப்பிலையும் தீச்சட்டியும் அம்மனிடம் போகும். முளைப்பாரியோ நடுவில் இறக்கப்பட்டு, பெண்கள் சுற்றிவந்து கும்மி கொட்டியபின் ஊருணியில் கரையும். முன்னதில் போனாலுவின் சாயல், பின்னதில் பதுகம்மாவின் சாயல். தெலங்கானா மூன்று மாத இடைவெளியில் இரண்டாகக் கொண்டாடுவதை நம் கிராமங்கள் ஒரே வாரத்துக்குள் முடித்துவிடுகின்றன. எது எதிலிருந்து வந்தது என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. ஒரே அச்சம், ஒரே நன்றி, வேறு வேறு கால அட்டவணை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தனி மாநிலப் போராட்டக் காலத்தில் இரண்டும் அடையாளங்களாயின. பதுகம்மாவே கூடுதலாக முன்னிறுத்தப்பட்டது. 2017இல் சிர்சில்லா விசைத்தறிகளில் நெய்த பதுகம்மாச் சேலைகளை அரசு வழங்கத் தொடங்கியது. போனாலுவுக்கு அரசு பட்டு சாத்துகிறது. நெசவாளிக்கு வேலை தந்த வகையில் பூவிழாவின் பக்கமே தராசு சாய்கிறது.

பயணம் என்று பார்த்தால், போனாலுவுக்கு நகரத்தைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. ஈரக் காற்றில் கோட்டைப் படியேறும் பானைகளைக் காண கோல்கொண்டாவே போதும். கூட்ட நெரிசலுக்குத் தயாராக இருங்கள். பதுகம்மாவை ஹைதராபாத்தில் பார்ப்பது பாதிதான். சுமார் 150 கிலோமீட்டரில் உள்ள வாரங்கல், ஹனம்கொண்டாவுக்குப் போக வேண்டும். 1163இல் காகதீய ருத்ரதேவன் கட்டிய ஆயிரங்கால் கோயிலிலும் பத்மாட்சிக் குன்றின் அடிவாரக் குளத்திலும் அது முழுதாகத் தெரியும். போனாலுவில் நீங்கள் பார்வையாளர். பதுகம்மா வட்டத்தில் புதிதாக வந்த பெண்ணுக்கும் ஒரு கை இடம் கிடைக்கும். ஒன்றுதான் முடியும் என்பவருக்கு என் தேர்வு பதுகம்மா. நிறைவு நாளான சத்துல பதுகம்மா பெரும்பாலும் துர்காஷ்டமியில், அதாவது நம் ஆயுதபூஜைக்கு முந்தைய நாளில் வரும். சென்னையிலிருந்து போகும் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஹைதராபாத்தை அடையும் முன்பே வாரங்கலில் நிற்கிறது. விடுமுறைக் கூட்டம் அதிகம் என்பதால் முன்பதிவை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள்.