வாக்குச்சீட்டும் இளையோரும்: தஞ்சோங் பகார் உணர்த்தும் வரலாறு

இன்றைய இளையோர் அரசியலில் நாட்டம் கொள்வதில்லை என்னும் குறை அடிக்கடி கூறப்படுகிறது. அக்கூற்றை ஆராய்வதற்குத் தஞ்சோங் பகாரின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

1954 மே மாதம் மலாயாப் பல்கலைக்கழக மாணவர் எண்மர் அரசநிந்தனைக் குற்றச்சாட்டில் கைதாயினர். ஜேம்ஸ் புதுச்சேரி, எம். கே. ராஜகுமார் ஆகியோரும் அவர்களுள் அடங்குவர். விடியல் என்று பொருள்படும் ‘ஃபஜார்’ என்னும் இதழில், ஆசியாவில் படைக்கூட்டணி அமைக்கும் முயற்சியைக் கண்டித்துத் தலையங்கம் வெளியிட்டதே வழக்குக்குக் காரணம். ஆகஸ்டில் எண்மரும் விடுதலை பெற்றனர். அவர்கள் சார்பில் வாதாடிய டி. என். பிரிட் என்னும் வழக்குரைஞருக்குத் துணைநின்றவர் லீ குவான் இயூ.

1955 ஏப்ரல் 2 அன்று, 31 வயதான லீ, துறைமுகத்தை ஒட்டி உழைப்பாளர் மிகுந்து வாழ்ந்த தஞ்சோங் பகாரில் 6,029 வாக்குகள் பெற்று வென்றார். அயலாட்சி எப்போது முடியும், குடியுரிமை எவர்க்குக் கிடைக்கும் என்பவை அன்று முடிவாகாத வினாக்கள். தம் சொல்லுக்கு விளைவு உண்டென்று நம்பியதாலேயே அக்கால இளையோர் இன்னலுக்கு அஞ்சாது முன்வந்தனர்.

பிற்காலத்தில் அவ்வாய்ப்பு அத்தொகுதியில் அரிதாயிற்று. 1991இல் அமைக்கப்பட்ட தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் 2011 வரை நடந்த ஐந்து பொதுத்தேர்தல்களிலும் போட்டியே இல்லை. 2011இல் எதிரணியினர் வேட்புமனுவைச் சில நொடிகள் தாமதமாக அளித்ததால் அவ்வாய்ப்பும் நழுவியது. 1989இல் 21 வயதை எட்டி, அத்தொகுதி எல்லைக்குள்ளேயே தொடர்ந்து வாழ்ந்த ஒருவர், 2015இல் தம் 47ஆம் வயதில்தான் நாடாளுமன்றத்துக்கு முதன்முறையாக வாக்களித்திருப்பார். வாக்களிப்பதைச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தும் அவருக்கு வாக்குச்சீட்டு கிட்டவில்லை. அவருடைய மௌனத்தை அக்கறையின்மை என்று கூறுதல் முறையாகுமா?

2015 முதல் அங்குப் போட்டி தொடர்ந்து நடைபெறுகிறது. தேர்தலுக்கு அப்பாலும் இளையோர் குரல் எழுகிறது. 2019 செப்டம்பரில் ஹொங் லிம் பூங்காவில் பருவநிலைப் பேரணியை முன்னின்று நடத்தியோர் இளையோரே. தம் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் பொருள் குறித்து, வாக்குரிமை வயதை எட்டாதோரும் அங்குக் கூடினர்.

ஆகவே, ஆர்வம் தலைமுறைதோறும் தோன்றி மறைவதன்று. வாய்ப்புக் கிடைக்குமிடத்தில் அது வெளிப்படுகிறது. ‘இளையோர் ஏன் வரவில்லை?’ என்று வினவுமுன், ‘அவர்கள் வருவதற்கு எவ்வாயில் திறந்திருந்தது?’ என்று வினவுதலே ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் வரலாறு கற்பிக்கும் பாடம்.