கான்டோ நிலநடுக்கம் 1923: அரசுத் தந்தியில் ஏறிய வதந்தி

1923 செப்டம்பர் 1, சனிக்கிழமை. டோக்கியோவிலும் யோக்கோகாமாவிலும் வீடுகளில் மதிய உணவு தயாராகிக்கொண்டிருந்த வேளை. முற்பகல் 11.58 மணிக்கு 7.9 அளவில் நிலம் அதிர்ந்தது. அடுப்புகளிலிருந்து கிளம்பிய தீ, அன்று வீசிய பலத்த காற்றில் மர வீடுகள் நெருங்கிய தெருக்களை விழுங்கியது. ஏறத்தாழ 1,05,000 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தீயில் மாண்டவர்கள். டோக்கியோவில் பழைய இராணுவச் சீருடைக் கிடங்கு இருந்த திறந்த வெளியில் தஞ்சம் புகுந்தோரில் மட்டும் சுமார் 38,000 பேர் தீச்சுழலில் சிக்கி உயிரிழந்தனர்.

அதே நாட்களில், நிலநடுக்கத்திலிருந்து உயிர் தப்பிய கொரியர்கள் ஆயிரக்கணக்கில் மனிதர் கையால் கொல்லப்பட்டனர். இதில் ஜப்பானிய அரசின் பங்கு என்ன என்ற கேள்வி நூறாண்டு கடந்தும் முடியவில்லை.

வதந்தியும் அதிகாரிகளும்

ஜப்பான் 1910-இல் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. நிலமிழந்த கொரியர்கள் பலர் குறைந்த கூலிக்கு வேலை தேடி ஜப்பானுக்கு வந்தனர். 1919 மார்ச் 1-இல் கொரியாவில் வெடித்த விடுதலைப் போராட்டம் கடுமையாக ஒடுக்கப்பட்டபின், ஜப்பானிய நாளேடுகளில் கொரியர் என்றாலே கலகக்காரர் என்ற சித்திரம் நிலைத்துவிட்டது.

நிலநடுக்கம் நேர்ந்தபோது நாட்டுக்கு முறையான பிரதமரே இல்லை. கடற்படைத் தளபதியாக இருந்து பிரதமரான கத்தோ தொமொசபுரோ ஆகஸ்ட் 24-இல் இறந்திருந்தார். யமமோத்தோ கொன்னோஹ்யோவின் புதிய அமைச்சரவை செப்டம்பர் 2 அன்றுதான் பதவியேற்றது. இடைப்பட்ட நேரத்தில் உள்துறையைக் கவனித்தவர் மிசுனோ ரெந்தாரோ. இவர் 1919-இல் கொரிய ஆட்சியகத்தின் உயர் அதிகாரியாகச் சியோல் வந்திறங்கிய அன்றே, இரயில் நிலையத்தில் புதிய ஆளுநர் மீது குண்டு வீசப்பட்டது. டோக்கியோ காவல்துறைத் தலைவர் அக்காய்கே அத்சுஷியும் கொரியாவில் காவல் பணி செய்து திரும்பியவரே. தலைநகர் எரியும்போது இவர்கள் மனத்தில் முதலில் எழுந்த அச்சம் எதுவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள், கூட்டமாகப் படையெடுத்து வருகிறார்கள் என்ற பேச்சு முதல் நாள் மாலையே கிளம்பிவிட்டது. துப்புரவுத் தொழிலாளர்கள் தங்கள் வேலைக்காகச் சுவரில் இட்ட சுண்ணக்கட்டிக் குறிகள்கூடக் குண்டு வைக்க வேண்டிய வீடுகளுக்கான அடையாளம் எனப்பட்டன. பேரிடரில் வதந்தி பிறப்பது எங்கும் உள்ளது. இங்கு அதற்கு அரசு முத்திரை கிடைத்தது.

செப்டம்பர் 2-இல் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. மறுநாள் காலை, உள்துறை அமைச்சின் காவல் பிரிவுத் தலைவர் பெயரில், ஃபுனபாஷி கடற்படை வானொலி நிலையத்திலிருந்து மாவட்ட ஆளுநர்களுக்குத் தந்தி போனது. கொரியர்கள் பல இடங்களில் தீ வைக்கிறார்கள், டோக்கியோவில் சிலர் வெடிகுண்டுகளுடன் திரிகிறார்கள், ஆகவே அவர்களைக் கடுமையாகக் கண்காணிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தெருவில் கேட்டதை நம்பலாமா என்று தயங்கியவனும் இதற்குப் பின் தயங்கக் காரணம் இல்லை.

பதினைந்து யென் ஐம்பது சென்

ஊர்தோறும் கண்காணிப்புக் குழுக்கள் மூங்கில் ஈட்டி, வாள், தீயணைப்போர் பயன்படுத்தும் கொக்கி ஆகியவற்றுடன் சாலைகளை மறித்தன. வருபவரைப் பதினைந்து யென் ஐம்பது சென் என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். அந்தத் தொடரில் சொல் முதலில் அதிர்வுள்ள மெய்யொலிகள் வருகின்றன. கொரிய மொழியில், தமிழ் வல்லினத்தைப் போலவே, சொல் முதலில் அவை அதிர்வின்றியே ஒலிக்கும். நாக்குப் பழக்கமே மரண தண்டனைக்குப் போதுமானதாயிற்று.

இந்தச் சோதனை எவ்வளவு பொய்யானது என்பதற்குச் சிபா மாவட்டத்தின் ஃபுகுதா கிராமம் சான்று. தொலைவிலுள்ள ககாவாவிலிருந்து மருந்து விற்க வந்த 15 ஜப்பானியர்களை, பேச்சு வழக்கு வேறாக இருந்ததால், செப்டம்பர் 6 அன்று கூட்டம் சூழ்ந்தது. குழந்தைகளும் கருவுற்ற பெண்ணும் உட்பட 9 பேர் கொல்லப்பட்டனர். சீனத் தொழிலாளர்களும் பலியாயினர்.

கொலை செய்தவர்கள் ஊர்க்காரர்கள் மட்டும் அல்லர். இராணுவத்தினரும் காவலர்களும் கொரியர்களைக் கொன்றனர். கமெய்தோ காவல் நிலையத்தில் 10 தொழிற்சங்க ஊழியர்களைப் படையினர் கொன்றனர். செப்டம்பர் 16-இல் அரசின்மைவாதி ஒசுகி சாக்கே, அவருடைய துணைவி இத்தோ நோயே, ஆறு வயது மருமகன் ஆகிய மூவரையும் இராணுவக் காவல்துறை அதிகாரி அமகாசு கொன்றார். பத்தாண்டுத் தண்டனை பெற்ற அவர் மூன்றாண்டில் வெளியே வந்தார்.

எதிர்நின்றவர்களும் இருந்தனர். யோக்கோகாமாவின் த்சுருமி காவல் நிலையத் தலைவர் ஒக்காவா த்சுனேகிச்சி சுமார் 300 கொரியர்களைக் கூட்டத்திடம் ஒப்படைக்க மறுத்துக் காப்பாற்றினார். அதிகாரி ஒருவர் மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அந்த நிலையமே விடை.

கணக்கு

செப்டம்பர் 5-இல் பிரதமர் யமமோத்தோ, கொரியர்களைத் துன்புறுத்த வேண்டாம் என்று மக்களுக்கு அறிவுரை வெளியிட்டார். அதில் அவர் சொன்ன காரணங்கள் இரண்டு: அது ஜப்பானிய–கொரிய ஒன்றிணைப்புக் கொள்கைக்கு முரண், வெளிநாடுகளுக்குச் செய்தி போனால் நன்றாக இராது. இரண்டு நாள் முன் ஆளுநர்களுக்குப் போன தந்தியைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

கொலைச் செய்திகளை நாளேடுகள் எழுதத் தடை இருந்தது. அக்டோபர் 20-இல் தடை நீங்கிய அதே நாளில், கொரியர்கள் செய்த குற்றங்கள் என ஒரு பட்டியலை நீதித்துறை வெளியிட்டது. கண்காணிப்புக் குழுவினர் சிலர் மீது வழக்கு நடந்தது. பலருக்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. கொரியர்களைக் கொன்றதற்காகப் படைவீரர் எவரும் தண்டிக்கப்படவில்லை. பழி முழுவதும் பதற்றமடைந்த பொதுமக்கள் மேல் இறங்கியது.

எண்ணிக்கையிலும் இதே கதைதான். அரசு சொன்ன எண் 230-ஐ ஒட்டியது. அது வழக்காகப் பதிவானவற்றை மட்டும் கணக்கிட்டது. ஷாங்காயிலிருந்து வெளிவந்த கொரிய விடுதலை இயக்க நாளேடு 6,661 என்றது. அறிஞர் யோஷினோ சக்குசோ திரட்டிய எண் 2,600-ஐத் தாண்டியது. உடல்கள் எரிக்கப்பட்டும் புதைக்கப்பட்டும் போனதால் எந்த எண்ணையும் இறுதியாகக் கொள்ள முடியாது.

ஜப்பானிய அமைச்சரவையின் பேரிடர் மேலாண்மைக் குழு பின்னாளில் வெளியிட்ட ஆய்வறிக்கை, நிலநடுக்கத்தில் இறந்தோரில் ஒன்று முதல் சில விழுக்காட்டினர் கொல்லப்பட்டவர்கள் என மதிப்பிட்டது. அதாவது ஆயிரம் முதல் பல ஆயிரம் வரை. ஆனால் நூற்றாண்டு நினைவுக்கு இரண்டு நாள் முன், 2023 ஆகஸ்ட் 30 அன்று, நடந்ததை உறுதி செய்யும் பதிவுகள் அரசிடம் இல்லை என்று அமைச்சரவைத் தலைமைச் செயலர் மத்சுனோ ஹிரொகாசு செய்தியாளர்களிடம் கூறினார். ஃபுனபாஷித் தந்தியின் பதிவு ஜப்பானின் பாதுகாப்புத் துறை ஆவணக்காப்பகத்திலேயே இருக்கிறது.

சீருடைக் கிடங்கு இருந்த இடம் இன்று யோக்கோஅமிச்சோ பூங்கா. கொரியர்களுக்கான நினைவுக்கல் அங்கே 1973-இல் நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் செப்டம்பர் 1 அஞ்சலிக்கு டோக்கியோ ஆளுநர்கள் இரங்கல் செய்தி அனுப்புவது வழக்கமாக இருந்தது. ஆளுநர் கொய்க்கே யுரிக்கோ 2017-இல் அதை நிறுத்தினார். நிலநடுக்கத்தில் இறந்த அனைவருக்கும் சேர்த்தே அஞ்சலி செலுத்துகிறோம் என்பது அவர் தந்த விளக்கம்.