சும்மா இருந்த ராணுவம்: நேபாளம் 2001–2012

ராணுவம் சும்மா இருந்தால் அதை நடுநிலை என்று சொல்லிவிடுகிறோம். 'அவங்கதான் சுடலையே, ஆட்சியையும் பிடிக்கலையே, அப்புறம் என்ன?' என்கிற வாதம் இது. நேபாளத்தின் சமாதான காலம் பற்றிய எழுத்துகளில் அந்நாட்டு ராணுவத்துக்குக் கிடைக்கும் நற்சான்றும் இந்த வகைப்பட்டதுதான். நற்சான்று பொய்யல்ல. ஆனால் சும்மா இருப்பதும் ஓர் அதிகாரச் செயல்பாடு என்பதை அது மறைத்துவிடுகிறது. ஒரு குண்டும் சுடாத இந்த ராணுவத்தால் இரண்டு பிரதமர்கள் பதவி இழந்திருக்கிறார்கள்.

முதலாமவர் கிரிஜா பிரசாத் கொய்ராலா. 1996 பிப்ரவரியில் மாவோயிஸ்டுகள் தொடங்கிய 'மக்கள் யுத்த'த்தை முதல் ஐந்து ஆண்டுகள் எதிர்கொண்டது போலீஸ். ராணுவம் அரண்மனைக்குரியதாக ஒதுங்கி நின்றது. 2001 ஜூலையில் ரோல்பா மாவட்டத்து ஹோலேரியில் போலீஸ்காரர்களை மாவோயிஸ்டுகள் பிடித்துச் சென்றார்கள். மீட்கப் போன ராணுவம் மோதாமலே இருந்துவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமரின் சொல் முகாம் வாசலைத் தாண்டிச் செல்லாது என்பது ஊரறிய வெளிப்பட்டது. கொய்ராலா ராஜினாமா செய்தார். இங்கே அடக்கம் என்பது விசுவாசத்தின் மறுபெயர், விசுவாசம் மன்னருக்கு.

அதே ஆண்டு நவம்பரில் டாங் முகாம் தாக்கப்பட்டதும் அவசரநிலை வந்தது. ராணுவம் வெளியே வந்தது. 2003இல் காட்மாண்டு மகராஜ்கஞ்சில் உள்ள பைரவநாத் பட்டாலியன் முகாமில் அடைக்கப்பட்டவர்களில் குறைந்தது 49 பேர் காணாமல் போனதை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2006 மே மாத அறிக்கையில் பதிவு செய்தது. பின்னால் வந்த அமைதியைப் புரிந்துகொள்ள இந்த முகாமை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2006 ஏப்ரல் மக்கள் எழுச்சியில் மன்னர் ஞானேந்திரா பணிந்தார். மே மாதம் நாடாளுமன்றம் ராணுவத்தின் பெயரிலிருந்த 'ராயல்' என்ற சொல்லை நீக்கியது. நவம்பர் 21இல் கொய்ராலாவும் பிரசண்டாவும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அடுத்து வந்த ஆயுத ஒப்பந்தம் விசித்திரமானது. மாவோயிஸ்டுகளின் ஆயுதங்கள் கன்டெய்னர்களில் பூட்டப்படும், சாவி அவர்களிடமே இருக்கும், யாராவது திறந்தால் சைரன் அலறும், ஐ.நா. கண்காணிக்கும். ராணுவமும் சம எண்ணிக்கையில் ஆயுதங்களைப் பூட்டிவைத்து, பாரக்குகளுக்குள் இருக்க வேண்டும்.

வன்முறை மீதான ஏகபோகமே அரசின் அடையாளம் என்றார் மாக்ஸ் வெபர். நேபாளத்தில் அந்த வரையறையைச் சில ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்து, ஒரு தேசத்தில் இரண்டு ராணுவங்கள் என்ற புனைவை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். புனைவுதான், ஆனால் உயிர்களைக் காத்த புனைவு. 2008 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் நடந்து மாவோயிஸ்டுகள் முதலிடம் பெற்றார்கள். மே 28இல் சுமார் 240 ஆண்டு முடியாட்சி முடிந்தது. மன்னரின் ராணுவம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் சமச்சீர் காகிதத்தில்தான் இருந்தது. ராணுவத்துக்குப் பாரக் என்பது சொந்த வீடு. அங்கே சம்பளம், பதவி உயர்வு, ஐ.நா. அமைதிப்படைப் பணி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. 7 பெரிய முகாம்களிலும் 21 துணை முகாம்களிலும் கிடந்த 19,602 மாவோயிஸ்ட் போராளிகளுக்கு அது காத்திருப்பு மட்டுமே. பூட்டப்பட்டவை துப்பாக்கிகள். ராணுவம் என்ற நிறுவனத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இரண்டாவது பிரதமர் பிரசண்டா. ஒப்பந்தத்தை மீறி ஆள்சேர்த்தது, ஓய்வுபெற வேண்டிய எட்டு பிரிகேடியர் ஜெனரல்களின் பணி நீட்டிப்புத் தகராறு, மாவோயிஸ்ட் படையினர் பங்கேற்றதற்காகத் தேசிய விளையாட்டுப் போட்டியிலிருந்து விலகியது ஆகிய காரணங்களைக் காட்டி 2009 மே 3இல் தளபதி ருக்மாங்கத் கட்டவாலை அவர் நீக்கினார். பதவியில் தொடருமாறு தளபதிக்கு அன்றிரவே குடியரசுத் தலைவர் ராம் பரண் யாதவ் கடிதம் அனுப்பினார். மறுநாள் பிரசண்டா விலகினார். தளபதி இருந்த இடத்திலேயே இருந்தார். தளபதியின் நீக்கத்தை இந்தியா விரும்பவில்லை என்பதும் ரகசியமல்ல.

மாவோயிஸ்டுகள் பக்கம் புனிதமெதுவும் இல்லை. அடுத்த நாளே வெளியான சக்திகோர் வீடியோவில், தங்களிடம் உண்மையில் இருந்தவர்கள் ஏழெட்டாயிரம் பேர்தான், எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டினோம் என்று பிரசண்டா தம் ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தார். ராணுவத்தைக் கட்சி விழுங்கிவிடும் என்ற பயத்துக்கு அடிப்படை இருந்தது. கட்சிகளிடையே ராணுவம் நடுநிலை காக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. ஆனால் அந்தச் சொல்லாடலின் மறைவில் இன்னொன்று நுழைந்தது: கட்சிகளிடமிருந்து விலகி நிற்பது என்பது, சட்டத்திடமிருந்தும் விலகி நிற்பதாக மாறியது.

காவ்ரே மாவட்டத்தில் 2004 பிப்ரவரியில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி ராணுவக் காவலில் சித்திரவதைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டாள். ராணுவ நீதிமன்றம் மூன்று அதிகாரிகளுக்கு ஆறு மாதச் சிறை விதித்து விஷயத்தை முடித்துக்கொண்டது. 2008இல் மாவட்ட நீதிமன்றம் பிடிவாரண்ட் பிறப்பித்தது. குற்றம் சாட்டப்பட்ட ஓர் அதிகாரியை 2009 டிசம்பரில் சாட் நாட்டு அமைதிப் பணியிலிருந்து ஐ.நா. திருப்பி அனுப்பியது. காட்மாண்டு வந்திறங்கிய அவரை ராணுவம் தன்னோடு வைத்துக்கொண்டது, போலீஸிடம் ஒப்படைக்கவில்லை. 2017இல் அவர் விடுவிக்கப்பட்டார். மற்ற மூவருக்கு ஆயுள் தண்டனை, அதுவும் அவர்கள் வராமலே. இந்த விவகாரத்திலும் ராணுவம் யாரையும் சுடவில்லை. கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

2011 ஜனவரியில் ஐ.நா. கண்காணிப்புக் குழு வெளியேறியது. 2012 ஏப்ரல் 10இல் மாவோயிஸ்ட் முகாம்களை ராணுவம் ஏற்றுக்கொண்டது. பெரும்பாலான போராளிகள் பணம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ராணுவத்தில் சேர்ந்தவர்கள் 1,400 சொச்சம். ஒரு ராணுவம் கலைந்தது, மற்றது அப்படியே எஞ்சியது.

இரு தரப்பாலும் காணாமல் ஆக்கப்பட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் பட்டியலில் உள்ளவர்கள் 1,300க்கும் மேல். அவர்களைத் தேடும் ஆணையம் அமைக்கவே 2015 ஆகிவிட்டது. ஆகவே சமாதான காலத்து ராணுவத்தை மதிப்பிட, அது யாரைச் சுடவில்லை என்று பார்த்தால் போதாது. பைரவநாத் முகாமிலிருந்து வீடு திரும்பாதவனின் தாய் வாசலில் நின்று கேட்டால், பதில் சொல்லும்படி ராணுவத்துக்கு உத்தரவிடவும், அதை நிறைவேற்ற வைக்கவும் அந்த நாட்டில் யாருக்காவது அதிகாரம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். 2001இல் ஹோலேரியில் எழுந்த கேள்வியும் இதுவே.